இருபதில் பதினெட்டு

லாரி அருவங்காடு தாண்டியிருக்கும்.
கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.
மேசைமேல் இரண்டு கிளிப்.
ஒன்றுதான் இருக்க வேண்டும்.

என் நோட்டு சொல்கிறது:
வாங்கியது இருபது.
ஒன்பது சிலிண்டர், பிஸ்டன் ஊசிக்கு இருபுறமும் ஒன்று,
மாட்டியது பதினெட்டு.
வளைந்துபோனது ஒன்று;
பெள்ளி அதைக் கேரட் தோட்டத்துப் பக்கம் வீசியதை
நானே பார்த்தேன்.
மிச்சம் ஒன்று.

மறுபடி எண்ணினேன். இரண்டை எத்தனை முறை எண்ணுவது.

எட்டு மாதம் அந்த எஞ்சின் கேத்தியில் இருந்தது.
ஒருநாளும் பறந்ததில்லை.
இரும்புச் சட்டத்தில் பூட்டி
சட்டத்தை யூகலிப்டஸ் அடிக்கட்டையோடு சங்கிலி போட்டு
மூக்கில் விசிறியோடு ஓட்டுவோம்.
பனி விழுந்த காலைகளில் ஆயில் வெல்லப்பாகாய் நிற்கும்;
ஜமீலா அண்டாவில் ஊற்றி விறகில் சூடாக்குவாள்.
முதல் சிலிண்டர் தும்மும். மூன்றாவது தும்மும்.
பிறகு ஒன்பதும் ஒரே குரலில்.
கீழ்ச்சரிவில் மேய்ந்த காட்டெருமை
தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி புல்லுக்குக் குனியும்.

மலைக்காற்று மெலிசு.
இங்கே சுடர் அழகாக நீலமாய் எரிந்தால்
சமவெளியில் பிஸ்டன் உருகிவிடும்.
அதனால் இங்கே கொஞ்சம் கறுக்க விட்டோம்,
கீழே போய்ச் சரியாகும் என்று.
எங்கள் கண்ணால் பார்க்கப்போகாத ஒரு நீலத்துக்கு
ஸ்க்ரூவை இரண்டு திருகு திருப்பிவைத்த வேலை.

ஊசியின் ஒரு பக்கம் கிளிப் இல்லையென்றால்?
ஊசி நகரும். சிலிண்டர் சுவரைக் கீறும்.
பந்தயத்தில், தரைக்கு ஐம்பதடி உயரத்தில்,
வளைவில் சாய்ந்திருக்கும்போது.
பைலட் ரேவதியின் வலது தோள்
தரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது.

போன் போகவில்லை. கொண்டை ஊசிகளில் சிக்னல் ஏது.
கோயம்புத்தூர் கடைக்காரருக்கு ஒரு குரல்செய்தி விட்டேன்.
பெள்ளி பைக்கை எடுத்தான்.
பின்னால் நான், மடியில் ஸ்பேனர் பை.
குன்னூரில் தூறல், காட்டேரியில் மழை,
பர்லியாரில் பலாப்பழக் கடை ஓரம்
லாரி நின்றிருந்தது, டீக்காக.

எதைத் திறப்பது? ஒன்பதில் எது?
நோட்டைப் புரட்டினேன்.
ஆறாம் சிலிண்டர் வரி மட்டும் வேறு மையில்:
அன்று கரண்ட் போய்
போன் வெளிச்சத்தில் முடித்தது.

தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு மணி நேரம்.
திறந்தால், இரண்டும் இருந்தன,
பல்லிடுக்கில் அகப்பட்ட பாக்குபோல் பள்ளத்தில் உட்கார்ந்து.
யாரும் பேசவில்லை.
பெள்ளி ஏழாவதன் நட்டில் ஸ்பேனரை வைத்தான்.

அப்போது போன் அடித்தது. ஒரே ஒரு கோடு சிக்னல்.
‘அட, அதுவா?
பழகின ஆளாச்சேன்னு
ஒண்ணு கொசுறு போட்டேன் தங்கச்சி.’

கொசுறு.
கீரைக்காரி போடுவாள் கறிவேப்பிலை.
நான் சிரித்தேன், அழுகிற மாதிரி.
பெள்ளி சிரிக்கவில்லை.
சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து
ஆறு பலாச்சுளை தின்றான், கொட்டையை எண்ணி வைத்தான்.

ஆறாவதை மூட வேண்டுமே. அடி கேஸ்கட் கிழிந்திருந்தது.
மாற்று கேத்தியில்.
லாரிக்காரர் வேலுச்சாமி கேபினுக்குள் கைவிட்டு
ஊருக்குக் கொடுக்க வைத்திருந்த
கொழுந்தியாள் கல்யாணப் பத்திரிகையில் ஒன்றை நீட்டினார்.
நல்ல கெட்டி அட்டை.
கத்தரித்து, ஆயிலில் நனைத்து, பொருத்தி, இறுக்கினோம்.

பந்தயத்தன்று கொட்டகையில்
ஜமீலாவின் போனைச் சுற்றி நின்றோம்.
படம் நின்று நின்று வந்தது; சத்தம் மட்டும் ஒழுங்காக.
ஒன்பதும் ஒரே குரலில்.
ஆறு விமானத்தில் நான்காவது.
ஒலிபெருக்கியில் ரேவதி பேரைச் சொன்னார்கள்,
விமானத்தின் பேரை, டயர் கொடுத்த கம்பெனியின் பேரை.

ஆறாம் சிலிண்டருக்கு அடியில்
செண்பகவல்லி,
அதில் ‘செண்பக’ போல்ட் துளைக்குப் போய்விட்டது,
‘வல்லி’ மட்டும்
எட்டுச் சுற்றும் ஆயிலில் ஊறிக்கொண்டு
பறந்தாள்.